உடம்பு அறிந்த தனிமங்கள்

வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "சோடியம் இறங்கிப்போச்சு." நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த அப்பத்தா, பெற்ற மகனையே யாரோ என்று பார்க்கிறார். பகலா இரவா என்று குழம்புகிறார். எழுந்து நின்றால் தள்ளாடுகிறார். பக்கவாதமோ, மறதி நோயோ என்று பதறிப்போய் மருத்துவமனைக்குக் கொண்டு போனால், இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஓர் எண் மட்டும் மிகக் கீழே இருக்கிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 115 ஆகியிருக்கிறது. அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்குக் கேடு என்பதால் மணிக்கணக்கில், அளந்து அளந்து ஏற்றுகிறார்கள். இரண்டொரு நாளில் அப்பத்தா பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஞாபகமும் பாசமும் பெற்ற பிள்ளையை அடையாளம் காண்பதும் ஒரு தனிமத்தின் அளவில் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. அதுவும் எந்தத் தனிமம்? பள்ளிக்கூட ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் அமிழ்த்தி வைத்திருப்பார்களே, அந்தச் சோடியம். கத்தியால் வெட்டலாம், வெட்டிய இடம் வெள்ளிபோல் மின்னும், ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடி, சில சமயம் தீயே பற்றிக்கொள்ளும். சீட்டில் அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும் குளோரைடின் மூலமான குளோரினோ இன்னும் கொடியது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மன் படை சிலிண்டர்களைத் திறந்துவிட்டு, பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களை மூச்சுத் திணறச் செய்தது இந்த வாயுவைக் கொண்டுதான். தீப்பிடிக்கும் உலோகமும் நச்சு வாயுவும் சேர்ந்ததைத்தான் நாம் சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறோம். அது எப்படி?

விடை எலக்ட்ரான் கணக்கில் இருக்கிறது. சோடியம் அணுவுக்கு 11 எலக்ட்ரான்கள். அவை அணுக்கருவைச் சுற்றி 2, 8, 1 என்று கூடு கூடாக அமைந்திருக்கின்றன. கடைசிக் கூட்டில் தனியாக நிற்கும் அந்த ஓர் எலக்ட்ரானை எப்படியாவது தள்ளிவிட்டால் போதும், சோடியம் அமைதியாகிவிடும். குளோரினுக்கு 17; அடுக்கு 2, 8, 7. இன்னும் ஒன்று கிடைத்தால் கடைசிக் கூடு நிறைந்துவிடும். ஒன்று கொடுக்கிறது, மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது நேர்மின்னேற்றம் பெற்ற அயனி, வாங்கியது எதிர்மின்னேற்றம் பெற்ற அயனி. அணுக்கரு இரண்டிலும் பழையபடியே இருக்கிறது. இடம் மாறியது ஒரே ஓர் எலக்ட்ரான்தான். அதில் தீயும் அணைந்தது, நஞ்சும் இறங்கியது.

உடம்பின் வேதியியலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. சோடியம், கால்சியம் என்ற பெயர்கள் உடம்புக்குத் தெரியாது. எதிரே வரும் அணுவின் வெளிக்கூடு எப்படி இருக்கிறது, அதனால் அதற்கு என்ன மின்னேற்றம், என்ன பருமன் என்று மட்டுமே அது பார்க்கிறது. அதன் சாமர்த்தியம் அத்தனையும் இந்த அடையாளம் காணும் முறையில் இருக்கிறது. ஏமாந்துபோவதும் இதே முறையால்தான்.

முதலில் இருப்புக் கணக்கைப் பார்த்துவிடலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 45 கிலோ ஆக்சிஜன். கார்பன் 12, 13 கிலோ. ஹைட்ரஜன் 7 கிலோ. நைட்ரஜன் 2 கிலோ. இந்த நான்கிலேயே 100க்கு 96 பங்கு முடிந்துவிட்டது. மீதியில் கால்சியம் ஒரு கிலோ, பாஸ்பரஸ் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பிறகு கிராம் கணக்குத்தான்: பொட்டாசியம் 140, கந்தகமும் கிட்டத்தட்ட அவ்வளவே, சோடியமும் குளோரினும் ஆளுக்கு 100 அளவில், இரும்பு 4, துத்தநாகம் 2. அயோடின் 15, 20 மில்லிகிராமுக்கு மேல் இராது. எடை போடாமல் அணுக்களை எண்ணினால் வரிசை மாறிவிடும். 7க்குப் பின்னால் 27 சைபர் போட்டால் வரும் எண்ணிக்கையில் அணுக்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் 100க்கு 62 ஹைட்ரஜன். எல்லா அணுக்களிலும் லேசானது அது என்பதால் எடைக் கணக்கில் பின்னுக்குப் போய்விடுகிறது.

இந்த 45 கிலோ ஆக்சிஜன் மூச்சில் வாங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பகுதி தண்ணீராக உள்ளே வந்தது. மூச்சில் வாங்கும் ஆக்சிஜனுக்கு வேறு வேலை. உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களைக் கடைசியில் ஏற்றுக்கொண்டு, ஹைட்ரஜனோடு சேர்ந்து அது தண்ணீராகிறது. நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் உள்ள ஆக்சிஜன், உள்ளே இழுத்த அதே ஆக்சிஜன் அல்ல. அது உணவிலிருந்தும் உடம்பிலுள்ள நீரிலிருந்தும் வந்தது. இழுத்த மூச்சு நீராக உள்ளே தங்குகிறது, உண்ட சோறு மூச்சாக வெளியே போகிறது. வகுப்பறையில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் வேதியியலை நேசித்திருப்பார்கள்.

வெளிக்கூட்டைப் பற்றிப் பேசுகிறோம். அப்படியானால் அணுக்கருவுக்கு என்ன பங்கு? அணுவின் பழைய வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. ஹைட்ரஜனின் கரு பிரபஞ்சம் பிறந்த வேளையிலேயே, 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவானது. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், கால்சியம் எல்லாம் பின்னால் விண்மீன்களில் சமைந்தவை. இரும்பின் பிறப்பில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார் 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர். போகும் வழியிலேயே கணக்குப் போட்டு, எரிந்து அடங்கிய வெண்குள்ளன் விண்மீனால் ஓரளவு எடைக்கு மேல் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று கண்டார். அந்த வரம்பு சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அருகிலுள்ள துணை விண்மீனிலிருந்து வாயுவை உறிஞ்சி உறிஞ்சி இந்த வரம்பை நெருங்கும் வெண்குள்ளன், தன்னிடமுள்ள கார்பனும் ஆக்சிஜனும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள, வெடித்துச் சிதறுகிறது. அந்த வெடிப்பில் பெருமளவு நிக்கல் உண்டாகிறது. அது சில நாட்களில் கோபால்டாக மாறி, பிறகு சில மாதங்களில் இரும்பாகி நிலைக்கிறது. பால்வீதியிலுள்ள இரும்பில் பெரும்பங்கு இப்படிப்பட்ட வெடிப்புகளில் வந்தது. 1983இல் சந்திரசேகரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபௌலர். விண்மீன்களுக்குள் தனிமங்கள் எப்படிச் சமைகின்றன என்பதை ஆராய்ந்தவர் அவர்.

அப்படிப் பிறந்த இரும்பின் கரு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, உங்கள் இரத்தத்தில். ஆனால் ஹீமோகுளோபினுக்கு அந்தப் பூர்வீகம் தேவையில்லை. அதற்கு வேண்டியது, ஆக்சிஜனை நுரையீரலில் பிடித்துக்கொண்டு தசையில் விட்டுவிடக்கூடிய ஒரு பிடி. கெட்டியாகப் பிடித்தாலும் பயனில்லை, பிடிக்காமல் போனாலும் பயனில்லை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கும் இரும்புக்கு அந்தப் பக்குவம் வாய்த்திருக்கிறது. மூன்றாவதும் போய்விட்டால் அது துருவில் உள்ள இரும்பின் நிலை, ஆக்சிஜனை ஏந்தாது. சிவப்பணுவுக்குள் தினமும் கொஞ்சம் இரும்பு அப்படித் தவறிப்போகத்தான் செய்கிறது. போன எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து அதை மீட்பதற்கென்றே ஒரு நொதி அங்கே வேலை செய்கிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அது முடிந்ததும் மண்ணீரலும் கல்லீரலும் அதை உடைத்து, இரும்பை மட்டும் பொறுக்கியெடுத்துப் புதிய சிவப்பணுவுக்கு அனுப்புகின்றன. நாளொன்றுக்குத் தேவைப்படும் 20, 25 மில்லிகிராமில் ஒன்றிரண்டு மில்லிகிராமைத்தான் உணவிலிருந்து எதிர்பார்க்கிறது உடம்பு. அந்தச் சிறு அளவுகூடச் சேராமல்தான், 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகையோடு இருக்கிறார்கள். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை; கணிசமான பகுதி அதனால் வருகிறது. விண்மீன் வெடித்துக் கொடுத்த இரும்பு பூமியில் மலைமலையாகக் கிடக்க, ஒரு பெண்ணின் தட்டில் ஒரு மில்லிகிராம் குறைகிறது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

சரி, வெளிக்கூட்டை உடம்பு எப்படிப் படிக்கிறது? இதன் முதல் தடயம் லண்டனில், குழாய்த் தண்ணீரில் கிடைத்தது. 1880களின் தொடக்கத்தில் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்து எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாலைவடிநீரில் உப்பைக் கரைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார், இதயம் நன்றாகத் துடித்தது, கட்டுரையும் வெளியாகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, கரைசலைத் தயாரித்தது வாலைவடிநீரில் அல்ல, தெருக்குழாய்த் தண்ணீரில் என்று. உண்மையான வாலைவடிநீரில் செய்து பார்த்தபோது துடிப்பு தளர்ந்து நின்றுபோயிற்று. குழாய்த் தண்ணீரில் இருந்து வடிநீரில் இல்லாமற்போனது என்ன என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, அது கால்சியம் என்று கண்டார். தம் பிழையை மறைக்காமல் 1883இல் அடுத்த கட்டுரையில் வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மையில் பிறந்ததுதான் ரிங்கர் கரைசல். 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்றைக்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கு மேல் தொங்குகிறதே "ஆர்எல்" பாட்டில், அதன் முதல் எழுத்து அந்த ரிங்கர்தான்.

இதயத்துக்குக் கால்சியம் எதற்கு? எலும்புக்குத்தானே அது? உடம்பின் கால்சியத்தில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருப்பது உண்மை. மீதமுள்ள ஒரு பங்கு செய்யும் வேலைதான் நொடிக்கு நொடி உயிர் காப்பது. கால்சியம் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து, இரட்டை நேர்மின்னேற்றத்தோடு திரியும் அயனி. செல்லுக்கு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவைத்தான் செல் தனக்குள் சும்மா உலவ விடும். காரணம் உண்டு. செல்லுக்குள் பாஸ்பேட் நிறைய. கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாகச் சந்தித்தால் படிந்து கல்லாகும். எலும்பு என்பதே அந்தப் படிவுதான். ஆகவே கால்சியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. உள்ளே இவ்வளவு குறைவாக இருப்பதால், வாசல் ஒரு கணம் திறந்து சிறிதளவு கால்சியம் நுழைந்தாலும் அது பெரிய செய்தியாகிவிடுகிறது. தசை நார்கள் அந்தச் செய்தி கேட்டுச் சுருங்குகின்றன. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் கால்சியத்தை உள்ளே விட்டு, உடனே வெளியே அனுப்பும் ஒரு சுற்று.

கால்சியத்தின் வேலை இப்படி என்றால், சோடியமும் பொட்டாசியமும் செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. தனிம வரிசை அட்டவணையில் இரண்டும் ஒரே நெடுவரிசையில் மேலும் கீழும் உட்கார்ந்திருப்பவை. இரண்டுக்கும் கடைசிக் கூட்டில் ஓர் எலக்ட்ரான். இரண்டும் அதை இழந்து ஒற்றை நேர்மின்னேற்றம் பெறுகின்றன. மின்னேற்றத்தை மட்டும் பார்த்தால் பிரித்தறிய வழியே இல்லை. ஆனால் பொட்டாசியத்துக்கு ஒரு கூடு அதிகம் என்பதால் அதன் அயனி கொஞ்சம் பருத்திருக்கிறது. சோடியத்தின் ஆரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இந்தச் சிறிய வித்தியாசத்தின் மேல்தான் நரம்பு மண்டலம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

செல்லுக்கு வெளியே சோடியம், உள்ளே பொட்டாசியம்: இது உடம்பின் அடிப்படை ஏற்பாடு. தானாக விட்டால் இரண்டும் கலந்து சமமாகிவிடும். அப்படி விடாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரத பம்ப் ஒன்று ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஓடுகிறது. டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கோ என்பவர் நண்டுக் கால் நரம்பை அரைத்துச் சோதித்து 1957இல் இதைக் கண்டறிந்தார். நோபல் பரிசு 40 ஆண்டு கழித்து, 1997இல் வந்தது. இந்த பம்ப் ஏற்றிவைத்த சரிவில்தான் நரம்பின் மின்துடிப்பு ஓடுகிறது. சோடியம் உள்ளே பாயும், பொட்டாசியம் வெளியே பாயும், பம்ப் மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூளை செலவழிக்கும் ஆற்றலில் கணிசமான பங்கு இதற்கே போகிறது.

பொட்டாசியம் வெளியே பாயும் வாசலில் ஒரு புதிர் இருந்தது. பெரிய பொட்டாசியம் நுழையும் வழியில் சிறிய சோடியம் ஏன் நுழைவதில்லை? சல்லடையில் பெரிய கல் விழுந்து சிறிய மணல் நிற்குமா? 1998இல் ராடெரிக் மெக்கின்னன் பாக்டீரியா ஒன்றின் பொட்டாசியம் வாசலை ஊடுகதிர் கொண்டு படமெடுத்தபோது விடை கிடைத்தது. தண்ணீரில் இருக்கும் அயனி தனியாக இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் முனையை உள்நோக்கித் திருப்பிக்கொண்டு அதைச் சூழ்ந்திருக்கும். குறுகலான வாசலில் நுழைய அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும். வாசலின் உள்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன, பொட்டாசியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல். போர்வையைக் கழற்றிய பொட்டாசியத்துக்கு உள்ளே அதே கதகதப்பு கிடைக்கிறது. சோடியம் சிறியது, அந்தச் சட்டை அதற்குத் தொளதொளவென்று இருக்கும், எல்லா ஆக்சிஜனும் அதை எட்டித் தொட முடியாது. கழற்றிய போர்வைக்கு ஈடு கிடைக்காததால் அது நுழையாமலே நின்றுவிடுகிறது. பத்தாயிரம் பொட்டாசியம் போனால் ஒரு சோடியம் தப்பிப் போகலாம், அவ்வளவுதான். மெக்கின்னனுக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் அயனியின் பருமனைப் புரதம் இத்தனை துல்லியமாக அளக்கிறது என்பதை முதன்முதலாகப் படித்த அன்று நான் வெகுநேரம் வேறு வேலை பார்க்கவில்லை.

அப்பத்தாவின் குழப்பத்துக்கு இப்போது திரும்பலாம். வெளியே சோடியம் குறைந்தால் செல்லுக்கு உள்ளும் புறமும் உள்ள சமநிலை கெட்டு, தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுகிறது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. மூளை வீங்க இடமில்லை. பெரும்பாலும் உணவில் உப்பு குறைந்ததால் மட்டும் இப்படி ஆவதில்லை. நீர் பிரிக்கும் மாத்திரைகள், வயதான சிறுநீரகம், உடம்பில் மிஞ்சித் தேங்கும் நீர் என்று காரணங்கள் பல. இரத்தத்தில் பொட்டாசியம் கூடுவது இதைவிட ஆபத்து. இதயம் தாளம் தப்பும். சிறுநீரகம் பழுதானவர்களை "இளநீர் குடிக்காதீங்க" என்று மருத்துவர் எச்சரிப்பது இதனால்தான். கோடையில் நமக்கெல்லாம் அமுதமாக இருக்கும் இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிகுதி. கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றச் சிறுநீரகம் இருந்தால் அது அமுதம்.

வெளிக்கூட்டைப் பார்த்து அடையாளம் காணும் உடம்பு ஏமாறும் இடங்களும் உண்டு. கால்சியத்துக்கு நேர் கீழே, அதே நெடுவரிசையில் ஸ்டிரான்சியம் இருக்கிறது. அதுவும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும், பருமனும் அருகருகே. 1950களில் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளிலிருந்து கதிரியக்க ஸ்டிரான்சியம்-90 காற்றில் பரவி, மழையில் இறங்கி, புல்லில் ஏறி, மாட்டின் பாலில் வந்தது. பால் குடித்த குழந்தைகளின் உடம்பு அதைக் கால்சியமென்று நம்பி எலும்பிலும் பல்லிலும் வைத்துக் கட்டியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் லூயிஸ் ரெய்ஸ் தலைமையில் 1958இல் ஒரு முயற்சி தொடங்கியது. விழுந்த பால்பற்களைத் தூக்கியெறியாமல் அனுப்பிவைக்கும்படி தாய்மார்களைக் கேட்டார்கள். அனுப்பிய குழந்தைகளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் கிடைத்தது. 1970க்குள் ஏறத்தாழ 3,20,000 பற்கள் சேர்ந்தன. சோதனைகள் பெருகப் பெருக, பற்களில் ஸ்டிரான்சியம்-90 ஏறிக்கொண்டே போனது தெரிந்தது. வெட்டவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1963இல் கையெழுத்தானதற்கு இந்தப் பால்பற்கள் கிளப்பிய அச்சமும் ஒரு காரணம்.

நமக்கு அருகிலேயே இன்னொரு ஏமாற்றம் நிலத்தடி நீரில் நடக்கிறது. பல்லும் எலும்பும் கால்சியம், பாஸ்பேட்டோடு ஹைட்ராக்சில் என்ற சிறிய எதிர்மின் அயனியையும் கொண்டு கட்டப்பட்டவை. புளோரைடு அயனிக்கும் அதே ஒற்றை எதிர்மின்னேற்றம், ஏறத்தாழ அதே பருமன். ஹைட்ராக்சில் உட்காரும் நாற்காலியில் அது சுலபமாக உட்கார்ந்துகொள்ளும். சிறிதளவு உட்கார்ந்தால் பல் உறுதிப்படும், பற்பசையில் சேர்ப்பது அதற்குத்தான். மிகுந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்; எலும்பு தாறுமாறாகத் தடித்து, மூட்டுகள் மடங்காமல் போகும்; முதுகெலும்பு விறைத்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் இதைப் பார்க்கலாம். அங்குள்ள கடினப் பாறைகளில் புளோரைடு தாதுக்கள் கலந்திருக்கின்றன. பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரில் அது கரைந்திருக்கிறது. ஊற்றுக்கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு இன்னும் இன்னும் கீழே போகப் போக, அந்தப் பழைய நீர்தான் குடத்துக்கு வருகிறது. இந்தியாவில் இந்த நோயை முதலில் விவரித்து எழுதியது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பகுதியைப் பற்றித்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சினால் போகாது, நீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அந்த மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது 2013இல். அதற்கு முன்பே எலும்பில் ஏறிவிட்டதை இறக்க வழியில்லை. முப்பது வயதில் குனிய முடியாமல் போன ஒருவருக்கு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யார் என்று தெரியாமலே ஆயுள் போய்விட்டது.

இதே ஏமாற்றத்தை மருத்துவமாக்கிய இடமும் இருக்கிறது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி, உடம்பின் அயோடினில் பெரும்பங்கைத் தேடிப்பிடித்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். ஒரே தனிமத்தின் கதிரியக்க வடிவத்துக்கும் சாதாரண வடிவத்துக்கும் அணுக்கருவில்தான் வேறுபாடு. எலக்ட்ரான் அடுக்கு ஒன்றே. ஆகவே அயோடின்-131ஐக் கொடுத்தாலும் தைராய்டு ஐயமின்றி வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. அளவுமீறிச் சுரக்கும் தைராய்டையும், தைராய்டுப் புற்றுநோயையும் இப்படி உள்ளிருந்தே அழிக்கிறார்கள். 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் தொடங்கிவைத்த சிகிச்சை இது. செர்னோபில் அணு உலை விபத்தில் இதே அயோடின் காற்றில் பரவியபோது, போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடினைக் கொடுத்தது. சுரப்பி நிறைந்துவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு இடமிராது.

அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வரும். அதைவிடக் கொடுமை, வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். இமயமலை அடிவாரத்து மண்ணில் அயோடினைப் பனியும் மழையும் அரித்துக் கொண்டுபோய்விட்டன. 1956இல் தொடங்கி இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமியும் அவரோடு பணியாற்றியவர்களும் வட்டாரத்துக்கு ஒரு விதமாக உப்பைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் சேர்த்த உப்பு போன ஊர்களில் கழலை மளமளவென்று குறைந்தது. 1962இல் தேசியத் திட்டம் பிறந்தது அந்த ஆய்வின் பலத்தில். கடலுப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் விளையும் உப்பில் தேவைக்குப் போதிய அயோடின் கிடையாது. பொட்டாசியம் அயோடேட்டைத் தெளித்துத்தான் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்காவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கல்லுப்புதான் உடம்புக்கு நல்லது என்று அயோடின் சேராத உப்புக்குத் திரும்பச் சொல்லும் பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அணுக்கரு இத்தனை நேரமும் பேசாமல் இருக்கிறது. அது தானாக வாய் திறக்கும் இடமும் உண்டு. நம்மிடமுள்ள 140 கிராம் பொட்டாசியத்தில், பத்தாயிரத்தில் ஓர் அணு பொட்டாசியம்-40. சூரியக் குடும்பம் உருவாவதற்கு முன்பே பிறந்து, பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு எடுத்துக்கொள்ளும் நிதானமான கதிரியக்க அணு அது. வாழைப்பழத்திலும் உருளைக்கிழங்கிலும் கீரையிலும் மற்றப் பொட்டாசியத்தோடு கலந்து வருகிறது. அதே 19 எலக்ட்ரான், அதே பருமன், மெக்கின்னன் படமெடுத்த வாசலும் ஸ்கோ கண்ட பம்ப்பும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. நரம்பில், இதயத்தில், தசையில் எல்லாப் பொட்டாசியமும் செய்யும் வேலையை அதுவும் செய்துகொண்டிருக்கிறது. ஒரு கணத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அதன் கருவிலுள்ள நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறுகிறது. 19 புரோட்டான் 20 ஆனதும் அது பொட்டாசியம் அல்ல, கால்சியம். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் நொடிக்கு நொடி ஏறத்தாழ 3,900 பொட்டாசியம் அணுக்கள் இப்படிக் கால்சியமாகின்றன. மறுகணமே உடம்பு அவற்றைக் கால்சியமாகவே நடத்தத் தொடங்குகிறது. செல்லுக்குள் இருந்தால் வெளியே தள்ளுகிறது, எலும்புக்கு வந்து சேர்ந்தால் படிய வைக்கிறது.

இன்னும் ஒரு 450 அணுக்கள் வேறு வழியில் போகின்றன. அவற்றில் கரு தன் உட்கூட்டு எலக்ட்ரான் ஒன்றை விழுங்கிவிட, 19 புரோட்டான் 18 ஆகிறது. அது ஆர்கான். 2, 8, 8 என்று எலக்ட்ரான் கூடுகள் நிறைவாக அமைந்த வாயு. கொடுக்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் இடமில்லை. உடம்பில் அதைப் பிடிக்கப் புரதமில்லை, அதற்கென்று வாசலில்லை, பம்ப் இல்லை. இரத்தத்தில் கரைந்து நுரையீரல்வரை வந்து, மூச்சோடு வெளியேறி, பாறைகளிலிருந்த பொட்டாசியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இதேபோல் மாறி மாறிக் காற்றில் சேர்த்துவைத்திருக்கும் ஆர்கானோடு கலந்துவிடுகிறது.